ஒன்றரை லட்சத்துக்கு லேப்டாப் வாங்கியாச்சு... பழைய லேபிள் ஃபைல் திறக்குமா? சிவகாசி டிசைன் மேஜையின் முதல் வாரம்!

பட்டாசுப் பெட்டியைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் பார்ப்பது வெடியை அல்ல, மேலே இருக்கும் படத்தைத்தான். அந்தப் படமும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை வாசகமும் உருவாவது பட்டாசு ஆலையில் இல்லை. சிவகாசியின் ஏதோ ஒரு தெருவில், மாடிப்படி ஏறிப் போனால் வரும் டிசைன் சென்டரில், ஒரு கம்ப்யூட்டர் திரையில். தீப்பெட்டி லேபிள், தினசரி காலண்டர், டைரி அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாமே அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அந்த மேஜைகளுக்கு இப்போது ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். பத்து வருடமாக உழைத்துக்கொண்டிருக்கும் பழைய டெஸ்க்டாப்புக்கு இரண்டுமே இருக்காது. ஆக, புதுசு வாங்கியே ஆக வேண்டும். வாங்குவதுதான் வாங்குகிறோம், நல்லதாக வாங்கிவிடலாம் என்று மனசு விலை உயர்ந்த லேப்டாப் பக்கம் போகிறது.

விலை சாதாரணமில்லை. 2025 அக்டோபரில் வந்த எம்5 சிப் கொண்ட 14 இன்ச் மேக்புக் ப்ரோவின் ஆரம்ப விலையே அப்போது 1,69,900 ரூபாயாக இருந்தது. ஓஎல்இடி திரையும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள விண்டோஸ் லேப்டாப்களும் லட்சத்தைத் தாண்டித்தான் நிற்கின்றன. இதில் 18 சதவிகித ஜிஎஸ்டி அடக்கம். ஜிஎஸ்டி பதிவு உள்ள அச்சகம் என்றால் தொழிலுக்கு வாங்கியதாகக் காட்டி அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். தனியாளாக வீட்டிலிருந்து டிசைன் செய்பவருக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் கிடையாது. முழுத் தொகையும் இ.எம்.ஐ-யில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம்!

பெட்டியைப் பிரித்து, சார்ஜர் போட்டு, திரையைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் யாருக்கும் குறை தெரியாது. பழைய ஹார்டு டிஸ்க் ஒரு விநாடிக்கு சுமார் 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். இன்றைய உயர்ரக லேப்டாப்பில் இருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி, விநாடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி படித்துவிடும். கிஃப்ட் பாக்ஸ் அட்டைக்கான ஃபோட்டோஷாப் ஃபைல், லேயர் மேல் லேயராகச் சேர்ந்து ஒரு ஜிபி வரைக்கும் போகும். பழைய கம்ப்யூட்டரில் அதைத் திறக்கக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம். புதியதில் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் படம் வந்து நிற்கிறது.

கரன்ட் பயமும் போய்விடுகிறது. யுபிஎஸ் கூப்பாடு போட, பதறிப்போய் ஃபைலை சேவ் பண்ணிய அனுபவம் இல்லாத டிசைனர் இருக்க மாட்டார். லேப்டாப்பில் கரன்ட் போனதே தெரியாது. கம்பெனி ஆபீஸுக்கே எடுத்துப் போய், முதலாளி அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்து அங்கேயே திருத்தி ஓகே வாங்கிவிடலாம். பென் டிரைவோடு இரண்டு தடவை அலைகிற வேலை மிச்சம். (கவனிக்க: ஆபீஸோடு சரி. மருந்துக் கலவை நடக்கும் பக்கம் செல்போனுக்கே அனுமதி இல்லை, லேப்டாப்புக்கு எங்கே!)

இரண்டாம் நாள்தான் உண்மையான சோதனை ஆரம்பிக்கிறது.

திரையில் ஜொலிக்கும், அட்டையில் மங்கும்

புதுத் திரையைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது, 'கலர் சும்மா அள்ளுது!' சிக்கலே அதில்தான். உயர்ரக லேப்டாப்களின் திரை, பி3 எனப்படும் அகலமான வண்ண எல்லையைக் காட்டக்கூடியது. பளீரென்ற ஆரஞ்சு, மின்னும் பச்சை, நியான் பிங்க் எல்லாம் அதில் வரும். ஆனால் ஆஃப்செட் மிஷினில் இருப்பது சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைதான். திரை ஒளியை உமிழ்கிறது. அட்டை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. புஸ்வாணம் திரையில் எரிகிற மாதிரி அட்டையில் எரியாது.

பழைய மங்கலான மானிட்டரில் பல வருடம் வேலை பார்த்தவருக்கு, 'திரையில் இவ்வளவு தெரிந்தால் அச்சில் இவ்வளவு வரும்' என்று கண்ணுக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கும். லேப்டாப் மாறிய அன்று அந்தக் கணக்கு செல்லாக்காசு. புதுத் திரையில் சிவப்பு தூக்கலாகத் தெரிகிறதே என்று குறைத்து அனுப்பினால், அட்டையில் செங்கல் பொடி நிறத்தில் வந்து நிற்கும்.

தப்பிக்க வழி இருக்கிறது. மேக்புக் ப்ரோவில் அச்சு வேலைக்கென்றே 'டிசைன் அண்ட் பிரின்ட்' என்ற ரெஃபரன்ஸ் மோடு உண்டு. அச்சுத் துறை வழக்கமாகப் பயன்படுத்தும் டி50 வெளிச்சத்துக்கு ஏற்றபடி திரையை அமைத்துவிடும். விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கும். ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், நைட் லைட் என்று கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதிகள் எல்லாம் வேலை நேரத்தில் அணைந்திருக்க வேண்டும். அடுத்து, ஏற்கெனவே அச்சாகி வந்த ஒரு பழைய பெட்டியை எடுத்து, அதன் ஃபைலைத் திரையில் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்து கேலிபரேஷன் கருவி வாங்க முடியாதவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை.

இன்னொரு பொறி ஃபோட்டோஷாப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் என்றோ யாரோ அமைத்து வைத்த கலர் செட்டிங், புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது கூடவே வராது. மென்பொருள் தன் வழக்கமான அமைப்போடு வந்து உட்காரும். அதே படத்தை ஆர்ஜிபி-யிலிருந்து நான்கு கலருக்கு மாற்றினால் சதவிகிதம் வேறு மாதிரி வரும். பழைய கம்ப்யூட்டரை மூட்டை கட்டுவதற்கு முன்னால் அந்த செட்டிங்கை சேவ் பண்ணி எடுத்துக்கொண்டால் ஒரு பிளேட் செட் காசு மிச்சம்.

கறுப்பிலும் கவனம் தேவை. ஆர்ஜிபி கறுப்பை அப்படியே மாற்றினால் நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். பெரிய எழுத்தில் தெரியாது. க்யூஆர் கோடில் ரெஜிஸ்டர் மயிரிழை தள்ளினாலும் ஓரமெல்லாம் நிறம் கசிந்து, ஸ்கேன் ஆகாமல் அடம்பிடிக்கும். முன்பு இது பெரிய விஷயமில்லை. இப்போது பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் நீரி அமைப்பின் லோகோவோடு க்யூஆர் கோடும் இடம்பெறுகிறது. 2025 தீபாவளிக்கு டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் பசுமைப் பட்டாசுகளை மட்டும் சில நாள்களுக்கு அனுமதித்த உச்ச நீதிமன்றம், க்யூஆர் கோடு உள்ளவற்றையே விற்கலாம் என்றது. பெட்டி மேல் இருக்கும் அந்தச் சின்னச் சதுரம் படிக்க முடியாமல் போனால் சரக்கே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

'அம்மா' காணாமல் போகும் இடம்

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி தமிழில்தான் காத்திருக்கிறது. பழைய ஃபைலைத் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடக்கும்.

காரணம் எளிது. யூனிகோடு பரவலாவதற்கு முன்னால் வந்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் ஒரு வகையில் முகமூடிகள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கம்ப்யூட்டருக்குள் பதிவாவது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கில விசைகள். அதற்கு மேல் பாமினி முகமூடியை மாட்டினால் நம் கண்ணுக்கு 'அம்மா' தெரியும். புது லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லை என்றால் முகமூடி கழன்றுவிடும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு விசை வரிசையை வைத்திருந்ததால், பாமினியை ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்றும் சொல்ல முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. இன்றைய தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்து வந்ததுதான். அதற்குள் அச்சகங்களில் அவரவர் எழுத்துருவில் மலைபோல ஃபைல் குவிந்துவிட்டது.

எழுத்துருவைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தாலும் தொல்லை ஓயாது. டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை 2023 ஜனவரியோடு அடோபி நிறுத்திவிட்டது. ஃபோட்டோஷாப்பின் புதுப் பதிப்புகள் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. பேஜ்மேக்கர் கதை இன்னும் பரிதாபம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். கால் நூற்றாண்டு ஆகியும் தமிழ்நாட்டு டிடிபி மேஜைகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. அதன் ஃபைலை இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறந்தன. இப்போது சந்தாவில் வரும் இன்டிசைன் திறப்பதில்லை. மேக் பக்கம் போனாலும் தப்பிக்க வழியில்லை. 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்தே 32 பிட் மென்பொருள்களை ஆப்பிள் ஓரங்கட்டிவிட்டது.

டாங்கிள் என்று ஒன்று உண்டு. பழைய தமிழ் மென்பொருள்கள் சிலவற்றுக்கு, கம்ப்யூட்டரில் செருகி வைத்தால்தான் வேலை செய்யும் ஒரு சின்னப் பூட்டு. விலை உயர்ந்த லேப்டாப்பில் அதைச் செருகும் அகலமான யுஎஸ்பி துளையே பெரும்பாலும் இருக்காது, இருப்பதெல்லாம் டைப்-சி. நூற்றுச் சொச்சம் ரூபாய் கன்வர்ட்டரை வைத்து அதைச் சமாளித்துவிடலாம். டிரைவர் கிடைக்காவிட்டால்தான் கதை கந்தல். குறிப்பாக, 2024-ல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் வகை விண்டோஸ் லேப்டாப்களில் பழைய டிரைவர்கள் ஓடாது. பேட்டரி இரண்டு நாள் நிற்கிறதே என்று அதை வாங்கும் டிடிபி தொழிலாளி, டாங்கிளைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

சரி, எல்லாவற்றையும் தலைமுழுகிவிட்டு யூனிகோடுக்கே மாறிவிடலாம் என்றால்? மாறலாம், மாறத்தான் வேண்டும். பழைய எழுத்துருவில் உள்ள வாசகங்களை யூனிகோடாக்க என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், மேக் இரண்டிலும் இப்போது உள்ளுக்குள்ளேயே வருகிறது. டைப்ரைட்டர் வரிசையில் விரல் பழகிய மூத்த ஆபரேட்டர்கள்தான் பாவம், தனியாகக் கருவி தேட வேண்டும்.

மாற்றியபின் ஒரு கண்டம் உண்டு. புதிதாகப் போட்ட ஃபோட்டோஷாப்பிலோ இன்டிசைனிலோ யூனிகோடு தமிழை ஒட்டினால் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என நிற்கலாம். மென்பொருளில் கோளாறு இல்லை. தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கான 'வேர்ல்டு ரெடி' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காததுதான் காரணம். ஒரு க்ளிக்கில் சரியாகும். அந்த க்ளிக் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள், 'யூனிகோடே சரியில்லப்பா' என்று சொல்லிவிட்டு பாமினிக்குத் திரும்பிப் போய்விடுகிறார்கள்!

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். முன்பெல்லாம் ஃபைலிலிருந்து ஃபிலிம் எடுப்பார்கள், ஃபிலிமை வெளிச்ச மேஜையில் வைத்து நாலு கண் பார்க்கும், பிறகுதான் பிளேட். இப்போது சிடிபி. ஃபைலில் இருப்பதை லேசர் நேரடியாக பிளேட்டில் எழுதிவிடுகிறது. நடுவில் பார்த்துப் பிடிக்கும் கண்கள் குறைந்துவிட்டன. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் 'கையில் பிடித்து வெடிக்காதீர்கள்' என்ற வரியில் கடைசி நான்கு எழுத்து ஓடிப்போனால், மிச்சம் இருப்பது என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். தினசரி காலண்டரில் ராகுகாலம் ஒரு வரி நகர்ந்தால் அது வருடம் முழுக்க வீட்டுச் சுவரில் தொங்கும்.

நூறு வருடமாக மாறிக்கொண்டே இருக்கும் ஊர்

இப்படிப் புதுசுக்கு மாறித் தடுமாறி நிமிர்வது சிவகாசிக்குப் புதிதல்ல. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டுமே என்று அச்சகங்கள் பெருகின. கல்லில் வரைந்து அச்சடித்த லித்தோ போய் ஆஃப்செட் வந்தது. கையால் ஒட்டிய ஆர்ட் ஒர்க் போய் கம்ப்யூட்டர் வந்தது. அந்தந்தக் கட்டத்தில் பழைய வேலையில் கைதேர்ந்த சிலர் ஒதுங்கிப்போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர்பிடிக்கக் காரணமாகச் சொல்லப்படுவது வறண்ட வெயில். மருந்து சீக்கிரம் காயும். லேப்டாப்புக்கு அந்த வெயிலே எதிரி. மேக்புக்குகளைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் அறை வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. விருதுநகர் மாவட்டத்தில் சித்திரை, வைகாசியில் ஏ.சி இல்லாத மாடியறை அந்த எல்லைக்குள் நிற்காது. சூடானால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேக்புக் ஏர் போல மின்விசிறியே இல்லாத மாடல்களில் கனமான வேலையை நீண்ட நேரம் கொடுத்தால் இது சீக்கிரம் தெரியும். கொடுத்த காசுக்கான வேகம் மதியம் இரண்டு மணிக்குக் கிடைக்காமல் போவது எரிச்சலான விஷயம். கூடவே அட்டைத் தூசி. அச்சகத்துக்குள்ளேயே மேஜை போட்டிருப்பவர்கள் லேப்டாப்பை ஃபேன் துளைகள் அடைபடாமல் ஸ்டாண்டில் வைப்பது உத்தமம்.

இன்றைய இளம் டிசைனர்கள் பலருக்கு முதல் லேப்டாப் அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பள்ளியிலேயே அது கைக்கு வந்தது. அதில்தான் கோரல்ட்ரா பழகினார்கள். அடுத்த தலைமுறைக்கான அறிவிப்பைச் செய்தவரும் இந்த மாவட்டத்துக்காரர்தான். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்பதை 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தவர், திருச்சுழி தொகுதி எம்.எல்.ஏ-வாக இருந்த அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு. கல்லூரிப் படிப்புக்கும் டைப் செய்யவும் 8 ஜிபி ரேம் போதும். பெரிய லேபிள் ஃபைலோடு மல்லுக்கட்ட 16 ஜிபி-க்குக் கீழே போகக் கூடாது, முடிந்தால் 32.

அங்கேயும் ஒரு கெட்ட நேரம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது. கடைகளில் 'க்ரூஷியல்' என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பழைய டெஸ்க்டாப்பில் தேவைப்படும்போது ஒரு ரேம் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். மெல்லிய உயர்ரக லேப்டாப்களில் ரேம் போர்டோடு ஒட்டியே வருகிறது. வாங்கும் அன்று எடுத்ததுதான், பிறகு கூட்ட முடியாது. 'இப்ப 16 போதும், பிறகு பாத்துக்கலாம்' என்ற நம்மூர்ச் சிக்கனம் இங்கே எடுபடாது.

எப்போது மாறுவது என்பதும் முக்கியம். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருட காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதிலிருந்து அரசு விடுமுறைப் பட்டியல் வந்து, கடைக்காரர்களின் பெயர் அச்சேறி, கடைசிக் கட்டு லாரி ஏறும்வரை யாருக்கும் தூக்கம் இருக்காது. அந்த மாதங்களில் புது லேப்டாப்பைப் பிரிப்பது சொந்தச் செலவில் சூனியம். பொங்கலை ஒட்டி, காலண்டர் வேலை ஓய்ந்த நேரத்தில் வாங்கினால் பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க அவகாசம் கிடைக்கும். முதலில் திறக்க வேண்டியவை, வருடா வருடம் திரும்ப வரும் வாடிக்கையாளர்களின் லேபிள்கள். இணைப்புப் படங்கள் எல்லாம் பழைய கம்ப்யூட்டரின் 'டி' டிரைவில் இருப்பதாக ஃபைல் நினைத்துக்கொண்டிருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துத் திரும்பவும் இணைக்க வேண்டும். சிடி-யில் எழுதி வைத்த டிசைன்கள் இருந்தால் அவற்றை இப்போதே காப்பி எடுப்பது நல்லது. புது லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை, சிடி-யும் நிரந்தரமில்லை.

திறந்த ஃபைல் ஒவ்வொன்றையும் எழுத்து உடையாத பிடிஎஃப் ஆக ஒரு பிரதி எடுத்து, அச்சான பெட்டியோடு ஒப்பிட்டபின் தான் யூனிகோடு வேலை. ஒரே வாரத்தில் முடியாது. அதுவரை பழைய டெஸ்க்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடக் கூடாது. கடைக்காரர் கொடுக்கும் சில ஆயிரத்தைவிட, பேஜ்மேக்கரும் டாங்கிளும் பாமினியும் சேர்ந்து உயிரோடு இருக்கும் அந்த ஒரு பெட்டி மதிப்பானது. மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டும் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைதான் என்று அறிவிக்கப்பட்டது. எனவே அந்தப் பழைய பெட்டியிலிருந்து இன்டர்நெட் கேபிளை மட்டும் உருவிவிட்டு, மேஜைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆடி 18 ஆல்பத்துக்கான வேலையில் அதைத் திறக்க வேண்டிய தேவை எத்தனை முறை வருகிறது என்று ஒரு தாளில் குறித்து வந்தால், எப்போது விற்கலாம் என்பது தெரிந்துவிடும்.